கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம்

2015 ஜூன் கடைசியில் ஒரு நாள் காலை. கல்லூரிச் சேர்க்கைக்கான முதல் கட்ஆஃப் மதிப்பெண் வந்து இரண்டாம் நாள் என்று நினைவு. ஒரு அப்பாவும் பையனும் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் பயணம் செய்து, புது டெல்லி ஸ்டேஷனிலிருந்து நேராக வந்திருந்தார்கள். பெட்டி, போர்வை எல்லாம் கையிலேயே. நான் தமிழில் பேசியதும் அந்த அப்பாவின் முகத்தில் வந்த நிம்மதியை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அந்த நிம்மதி ஐந்து நிமிஷம்கூட நீடிக்கவில்லை.

டெல்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு கல்லூரியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜூன், ஜூலை வந்தால் சான்றிதழ் சரிபார்க்கும் மேசை என்னுடையது. பையன் ஓபிசி, அதாவது இதர பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் விண்ணப்பித்திருந்தான். அந்தப் பிரிவின் கட்ஆஃபை மதிப்பெண் தாண்டியிருந்தது. ஆனால் அவன் கையில் இருந்தது நம் ஊர் சாதிச் சான்றிதழ். பிற்படுத்தப்பட்டோர் என்று போட்டு, தாலுகா அலுவலகக் கையெழுத்துடன், லேமினேட் செய்து வைத்திருந்தார்கள். இங்கே வேண்டியது அது இல்லை. மத்திய அரசுப் படிவத்தில், மத்தியப் பட்டியலில் உள்ள சாதி என்று குறிப்பிட்டு, கிரீமி லேயரில் (ஓபிசியிலேயே வசதியானவர்கள் என்று ஒதுக்கீட்டிலிருந்து விலக்கப்படும் பிரிவில்) வரவில்லை என்று உறுதி சொல்லும் தனிச் சான்றிதழ் வேண்டும். அதுவும் புதிதாக வாங்கியதாக இருக்க வேண்டும்.

"ஐயா, இது இங்கே செல்லாது" என்றேன்.

"செல்லாதா? இதை வெச்சுத்தானேம்மா பெரியவன் ஐடிஐ-ல சேர்ந்தான்."

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. இட ஒதுக்கீட்டுக்குக் கிரீமி லேயர் என்ற வடிகட்டலே கிடையாது. அந்தச் சொல்லைக் கேள்விப்பட வேண்டிய அவசியமே அவருக்கு வந்ததில்லை. மத்திய அரசுக் கல்லூரிகளில் ஓபிசிக்கு 27 சதவீதம் இருக்கிறது, ஆனால் அதன் வாசல் வேறு, சாவி வேறு என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பையன் படித்த அரசுப் பள்ளியிலிருந்து டெல்லிக்கு விண்ணப்பித்த முதல் ஆளே அவன்தான்.

கையில் இருந்தது இரண்டு நாள். வராந்தாவில் நின்று ஊருக்குப் போன் மேல் போன் போட்டார். கிராம நிர்வாக அலுவலர் எடுத்தார். தாலுகா அலுவலகத்தில், தாசில்தார் ஜமாபந்தியில் (வருடாந்தர வருவாய்க் கணக்குத் தணிக்கையில்) இருக்கிறார், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்களாம். மறுநாளும் வந்து வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் மேலே இருந்தவர்களிடம் போய்க் கேட்டேன். விதி விதிதான் என்றார்கள். கூடுதலாக ஏதாவது செய்திருக்க முடியுமா என்று இத்தனை வருடத்துக்குப் பிறகும் யோசிக்கிறேன். குறைந்தபட்சம், அடுத்த கட்ஆஃபுக்குள் ஊரிலிருந்து சான்றிதழை வாங்கி அனுப்பச் சொல்லி, பையனை மட்டும் இங்கே யார் வீட்டிலாவது தங்கவைத்திருக்கலாம். அது எனக்குத் தோன்றியபோது அவர்கள் ரயில் ஏறியிருந்தார்கள்.

இதே மேசைக்கு டெல்லிப் பிள்ளைகளும் வருவார்கள். பிளாஸ்டிக் ஃபோல்டரில், கேட்ட வரிசையில் எல்லாம் இருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று நகல் கூடவே வைத்திருப்பார்கள். இவர்கள் அதிகப் புத்திசாலிகள் என்று ஒரு காலத்தில் நானும் நினைத்தேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

நானே அப்படி ஃபோல்டரோடு வந்தவள்தான். அப்பா மத்திய அரசில் கிளார்க், குடியிருப்பு லக்ஷ்மிபாய் நகரில், படிப்பு அங்கே இருந்த தமிழ்ப் பள்ளியில். நான் கல்லூரியில் சேர்ந்த காலத்தில் சான்றிதழ் நகலில் கெஜடட் அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அப்பா மதிய இடைவேளையில் பக்கத்து அறைக்குப் போய் வாங்கி வந்துவிட்டார். எந்தப் படிவம், எங்கே வரிசை, எப்போது கடைசித் தேதி என்பதெல்லாம் அவருடைய அலுவலக நண்பர்கள் டீ குடித்துக்கொண்டே சொன்னவை. நான் செய்தது ஒன்றுமில்லை. கிராமத்தில் ஒரு கெஜடட் அதிகாரியைத் தேடி இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு அலைந்தவர்களின் கதையைப் பிறகு கேட்டபோதுதான், என் அப்பாவின் அந்தப் பக்கத்து அறை எவ்வளவு பெரிய சொத்து என்று புரிந்தது.

கணக்கிலும் இப்படித்தான் நடந்தது. அப்போது நம் பிளஸ் டூ 1200 மதிப்பெண். ஒரு பிள்ளை 1124 வாங்கியிருந்தால் 93.67 சதவீதம் என்று வீட்டில் போட்டு, கட்ஆஃப் 94.5 என்று பார்த்ததும் விட்டுவிடுவார்கள். பல்கலைக்கழகமோ ஒரு மொழிப் பாடமும் சிறந்த மூன்று பாடங்களும்தான் சேர்த்துப் பார்த்தது. ஆங்கிலம் 176, மற்ற மூன்றும் 198, 195, 190 என்றால் 800-க்கு 759. அதாவது 94.88. உள்ளே வந்திருக்க வேண்டிய பிள்ளை! கால் சதவீதம், அரை சதவீதமாகக் கட்ஆஃப் இறங்கிய இடத்தில் இப்படி விண்ணப்பிக்காமலே போனவர்கள் எத்தனை பேரோ. அவர்கள் என் மேசை வரைக்கும் வரவே இல்லை.

2022-ல், கட்ஆஃபுக்குப் பதிலாக, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் வந்தது. 2021-ல் சில கல்லூரிகள் சில படிப்புகளுக்கு நூற்றுக்கு நூறே கட்ஆஃப் போட்டதைப் பார்த்தபோது, இதற்கு ஒரு முடிவு வேண்டும் என்று நானும் சொன்னவள்தான். தேர்வைத் தமிழிலும் எழுதலாம், மொத்தம் 13 மொழிகள் என்று கேட்டபோது சந்தோஷமாக இருந்தது. ஆனால் கேள்விகள் என்சிஇஆர்டி புத்தகத்தை ஒட்டியவை. சிபிஎஸ்இ பிள்ளைக்கு அது இரண்டு வருடமாகப் பையில் இருக்கிற புத்தகம். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்த பிள்ளை, மார்ச்சில் பொதுத்தேர்வு எழுதிவிட்டு மே மாதத்துக்குள் இன்னொரு வரிசைப் புத்தகங்களைப் படிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் இப்போது தகுதிக்கும், இரண்டு பேர் சமமாக வந்தால் முன்னுரிமை பார்க்கவும்தான். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் இந்தத் தேர்வுக்கு எதிராகத் தீர்மானம் போட்டபோது, டெல்லியில் என்னோடு வேலை பார்ப்பவர்கள், எல்லோருக்கும் ஒரே கேள்வித்தாள்தானே, இதில் என்ன கஷ்டம் என்றார்கள். ஒரே கேள்வித்தாள்தான். புத்தகம் ஒன்று இல்லையே என்றேன். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை.

பெயர் விஷயம் ஒன்றும் உண்டு. படிவம் குடும்பப் பெயரைக் கேட்கும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? மதிப்பெண் பட்டியலில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால், சாதிச் சான்றிதழில் முன்னால். ஒரே பிள்ளை மூன்று பேராகிவிடும். நான் இருக்கும்போது பிரச்சினை இல்லை, விளக்கிவிடுவேன். நான் இல்லாத மேசைகளில் என்ன நடக்கும் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது.

இதையெல்லாம் ஊருக்கும் நகரத்துக்கும் உள்ள தூரம் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். 2023-ல் ஒரு பெண் அதை மாற்றினாள். ஜங்புரா பக்கத்தில் மதராசி கேம்ப் என்று தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதி ஒன்று இருந்தது. அவள் அங்கே பிறந்து வளர்ந்தவள். என்னைவிட நன்றாக இந்தி பேசுவாள். அம்மா நாலு வீட்டில் சமையல் வேலை. மலை மந்திர் முருகன் கோவிலில் ஒரு கிருத்திகை அன்று அந்த அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, காலேஜ் லிஸ்ட்டு போடணுமாம். சரியா இருக்கான்னு கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தேன். க்யூட்டில் 800-க்கு 560-ஐத் தாண்டியிருந்தாள், சான்றிதழ்களும் சரியாக இருந்தன. ஆனால் விருப்பப் பட்டியலில் ஆறே ஆறு வரி. கேள்விப்பட்ட பெரிய கல்லூரிகளின் பெயர்கள் மட்டும். அவள் மதிப்பெண்ணுக்கு அந்த ஆறில் ஒன்றும் கிடைக்காது. கல்லூரியும் படிப்பும் சேர்ந்தது ஒரு விருப்பம், எத்தனை வேண்டுமானாலும் போடலாம், மேலிருந்து கீழாகப் பார்த்து எது கிடைக்குமோ அதைக் கொடுப்பார்கள், நிறையப் போட்டால் நஷ்டமில்லை. இதைச் சொன்னபோது அவள் கேட்டாள்: "நிறைய போட்டா பேராசைன்னு நினைச்சுக்க மாட்டாங்களா ஆன்ட்டி?"

அவளுடைய அம்மா அப்போதுதான் சொன்னார், வேலை செய்கிற ஒரு வீட்டில் பையனுக்கும் இதே வருடம்தான் அட்மிஷன் என்று. ஒரு மாதமாக யாரோ ஒருவர் வந்து போகிறார், சாப்பாட்டு மேசை முழுக்கத் தாள் பரப்பிக் கோடு போடுகிறார்கள். "நான் அதை ஒதுக்கிட்டுத்தான்க்கா தட்டு வைப்பேன். என்னன்னு கேக்கத் தோணலை."

எங்கள் வீட்டில் உட்கார்ந்து இரவு பதினொன்றரை வரைக்கும் 91 விருப்பங்கள் போட்டோம். கேம்ப்பிலிருந்து எந்தக் கல்லூரிக்கு ஒரே பேருந்தில் போகலாம் என்று பார்த்துப் பார்த்து வரிசை மாற்றினோம். இரண்டாம் சுற்றில் தெற்கு டெல்லியிலேயே ஒரு கல்லூரியில் வரலாறு கிடைத்தது. ஒதுக்கீடு வந்ததும் சொன்ன நேரத்துக்குள் ஏற்றுக்கொள்கிறேன் என்று அழுத்த வேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும். அதற்காக அன்றைக்கு அவளுக்கு மூன்று தடவை போன் செய்தேன்.

2025 ஜூனில் நீதிமன்ற உத்தரவுப்படி கேம்ப்பை இடித்துவிட்டார்கள், சுமார் 370 வீடுகள். அவள் குடும்பத்துக்கு வீடு கிடைத்தது நரேலாவில், நாற்பது கிலோமீட்டர் தள்ளி. ஒரே பேருந்துக் கணக்கு போய்விட்டது. அவள் பெண்களுக்கான இலவசப் பயணத்தில் பேருந்து மாறி மாறிப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

இப்போது ஒரு தாள் வைத்திருக்கிறேன், தமிழில், நானே டைப் செய்தது. ஓபிசி சான்றிதழ் மத்திய அரசுப் படிவத்தில், சேர்க்கை நடக்கிற வருடம் மார்ச் 31-க்குப் பிறகு வாங்கியதாக இருக்க வேண்டும் என்பது முதல் வரி. கேட்கிறவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். போன வாரம் தர்மபுரிப் பக்கத்திலிருந்து ஒருவர் தன் பெண்ணுக்காகக் கூப்பிட்டார். யார் மூலமாகவோ அந்தத் தாள் அவருக்குப் போயிருக்கிறது. இ-சேவை மையத்தில் எப்போது விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நேரத்தில் ஜமாபந்தி வந்துவிடுமே என்று அவரே கேட்டார். ஏப்ரல் முதல் வாரமே போய்விடுங்கள் என்றேன். பெண் என்ன குரூப் என்று கேட்டேன்.

"ஆர்ட்ஸ் குரூப்தான்மா. இப்பதான் பதினொண்ணு போறா. முன்னாடியே கேட்டு வெச்சுக்கலாம்னுதான்."

சரி, அப்படியென்றால் என்சிஇஆர்டி புத்தகத்தையும் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றேன். பேனா எடுத்து வருகிறேன், இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.