நான்கு கிட்டார் கார்டுகளில் ஒரு ராக் பாடல்: இதுவரை செய்து பார்த்தவை

ஜி, டி, இ மைனர், சி ஆகிய நான்கும் கிட்டார் கற்பவர்களின் விரல்களில் முதலில் படியும் கார்டுகளுள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகளுள்) அடங்கும். இவற்றைத் தவிர வேறெதையும் தேடாமல் முழு ராக் பாடல் ஒன்றை அமைக்கும் முயற்சியில் சில காலமாக ஈடுபட்டிருக்கிறேன். இதற்குத் துணிவு தந்தது, யு2 குழு 1987இல் வெளியிட்ட 'வித் ஆர் விதவுட் யூ'. டி, ஏ, பி மைனர், ஜி என்ற ஒரே சுழற்சிதான் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. சுருதியை மாற்றினால் அது என் நான்கு கார்டுகளின் வரிசையேதான். கார்டுகள் மாறாமலேயே அப்பாடல் உச்சத்தை எட்டுகிறது என்றால், எதை எப்போது ஒலிக்க விடுகிறோம் என்பதுதான் முக்கியம் என்று முடிவு செய்தேன்.

ஆகவே சரணத்தில் முழுக் கார்டுகளை வாசிக்கவில்லை. மூல ஸ்வரமும் அதன் பஞ்சமமும் மட்டுமே சேர்ந்த பவர் கார்டுகளை, வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜுக்கு (கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கும் பகுதிக்கு) அருகே தந்திகளின் மேல் லேசாக வைத்து, அடக்கி வாசிக்கிறேன். டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் விளைவு) கூடும்போது முழுக் கார்டில் உள்ள மூன்றாம் ஸ்வரம் மற்றவற்றோடு மோதிக் கலங்கிவிடுவதால் பவர் கார்டு தெளிவாகக் கேட்கிறது; அந்த மூன்றாம் ஸ்வரம்தான் கார்டு மேஜரா மைனரா என்பதைக் காட்டும்; அதைக் கிட்டார் சொல்லாமல் விடுவதால், அதைச் சொல்லும் இடம் பாடுபவருக்குக் கிடைக்கிறது. நிமிடத்துக்கு 120 பீட் வேகத்தில், ஒவ்வொரு கார்டுக்கும் நான்கு பீட் என்று வைத்தால், ஒரு சுழற்சி 8 விநாடிகளில் முடிந்துவிடும். ஆகவே இரண்டாவது சுழற்சிக்குள் ஏதேனும் ஒன்று மாறியே ஆக வேண்டும்.

பல்லவியில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி ஒன்றைக் கையாள்கிறேன். மோதிர விரலையும் சுண்டு விரலையும் மெல்லிய இரு தந்திகளின் மூன்றாம் ஃப்ரெட்டில் (கிட்டாரின் கழுத்தில் குறுக்குக் கம்பிகள் பிரிக்கும் கட்டத்தில்) ஊன்றி, நான்கு கார்டுகளுக்கும் எடுக்காமலே வைத்திருக்கிறேன். இதனால் டி, டி சஸ் 4 ஆகவும், இ மைனர், இ மைனர் 7 ஆகவும், சி, சி ஆட் 9 ஆகவும் மாறுகின்றன. கீழே கார்டுகள் நகர, மேலே டி, ஜி என்ற இரு ஸ்வரங்கள் அசையாமல் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. அடங்கிய சரணத்திற்குப் பிறகு இது வரும்போது, பாடலே அகலமாகத் திறந்துகொள்கிறது.

அடுத்த கார்டை அதன் முதல் பீட்டில் வாசிக்காமல் அரை பீட் முன்னதாகவே வாசித்துப் பார்த்ததும் பெரிய வேறுபாட்டைத் தந்தது. டிரம்ஸ் தன் இடத்தில் உறுதியாக நிற்க, கிட்டார் முந்திக்கொண்டு பாய்கிறது. ராக் இசையின் வேகம் என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு இதுதான் என்பது என் கருத்து.

பல்லவிக்கு முந்தைய பகுதியில் ஜியைத் தவிர்த்து, சியிலும் டியிலுமே தங்கினேன். பாடல் வந்து அமரும் வீடாகிய ஜி வராத ஏக்கம் பல்லவியின் முதல் அடியைத் தானாகவே வலுவாக்குகிறது. இரண்டாம் கிட்டாருக்கு ஏழாம் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) பொருத்தி, சி, ஜி, ஏ மைனர், எஃப் வடிவங்களை வாசித்துப் பதிவு செய்தேன். ஒலிப்பவை அதே கார்டுகள்தாம். ஆனால் மேல் ஸ்தாயியில் ஒலிப்பதால் முதல் கிட்டாரோடு மோதவில்லை. அதை முதல் பல்லவியில் சேர்க்காமல், இறுதிப் பல்லவிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். இனி, இரண்டாம் சரணத்தில் கார்டுகள் மாறினாலும் பேஸ் கிட்டாரை ஜியிலேயே நிறுத்திப் பதிவு செய்ய வேண்டும்.