இருட்டில் உட்கார்ந்து எண்ணியவர்கள்

ஒன்பதாம் வகுப்புக்கு அணு அமைப்பு நடத்தும்போது, படம் போடுவதற்கு முன்னால் நான் மார்ஸ்டனைப் பற்றித்தான் சொல்வேன். எர்னஸ்ட் மார்ஸ்டன், 1909-ல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 20 வயது மாணவர். பாடத்தில் அவருடைய பேராசிரியர் ரூதர்ஃபோர்டின் பெயர்தான் பெரிதாக வரும். ஆனால் அணுவுக்குள் கரு இருப்பதற்கான தடயத்தைக் கண்ணால் பார்த்தது இந்தப் பையன்தான்.

கதிரியக்கப் பொருளிலிருந்து வேகமாக வெளிவரும், நேர்மின்சுமை கொண்ட ஆல்ஃபா துகள் வந்து மோதினால், துத்தநாக சல்பைடு பூசிய திரையில் ஒரு சின்ன ஒளிப்பொட்டு மின்னி மறையும். அதை நுண்ணோக்கி வழியாகப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அறை கும்மிருட்டாக இருக்கவேண்டும், கண் அதற்குப் பழகும்வரை சும்மா காத்திருக்கவும் வேண்டும். ரூதர்ஃபோர்டுக்கே இதற்குப் பொறுமை கிடையாது, இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டாராம். அவரோடு வேலை பார்த்த ஹான்ஸ் கைகர் இரவு முழுக்க எண்ணுவார். பிற்பாடு இப்படிப்பட்ட துகள்களைத் தானே எண்ணும் கைகர் கவுண்டர் என்ற கருவியைச் செய்தவரும் அவர்தான், அதில் எனக்கு வியப்பே இல்லை.

உலோகத்தில் பட்டு ஏதாவது துகள் திரும்பி வருகிறதா பார் என்று மார்ஸ்டனிடம் சொன்ன ரூதர்ஃபோர்டு, வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அதற்கு முன் இயற்பியலாளர் ஜே.ஜே. தாம்சன் சொன்ன அணுவில் நேர்மின்சுமை அணு முழுக்கப் பரவிக் கிடந்தது. அவ்வளவு வேகத்தில் வரும் துகளை அதனால் திருப்பி அனுப்ப முடியாது. ஆனால் திரும்பி வந்தது! பிளாட்டினத் தகட்டில் சுமார் 8000-க்கு ஒன்று.

மின்சுமை நடுவில் மிகச் சிறிய இடத்தில் குவிந்திருந்தால்தான் இது நடக்கும் என்று ரூதர்ஃபோர்டு 1911-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்த இடம்தான் கரு. அந்தச் சுமை நேரா எதிரா என்பதை அந்தக் கட்டுரையில் அவர் முடிவாகச் சொல்லவில்லை. தெரிந்த அளவோடு நிறுத்திக்கொண்ட அந்தக் கவனம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

இதற்கு அப்புறம்தான் படம். புத்தகத்தில் கருவைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், பக்கத்துக்குள் அடங்க வேண்டுமே. தங்க அணுவின் கருவைக் கரும்பலகையில் 1 செ.மீ. புள்ளியாக வைத்தால், அணுவின் விளிம்பு சுமார் 100 மீட்டர் தள்ளி இருக்கும். எங்கள் பள்ளியின் கேட்டையே தாண்டிவிடும். 79 புரோட்டான், 118 நியூட்ரான், அணுவின் ஏறக்குறைய மொத்த நிறையும் அந்தப் புள்ளிக்குள். மீதி இடமெல்லாம் 79 எலக்ட்ரான்களுக்கு.

இதைக் கேட்டபின் பிள்ளைகள், “எட்டாயிரத்தில் ஒண்ணுதானா?” என்று கேட்பதில்லை. “அந்த ஒண்ணு மட்டும் எப்படி சார் பட்டுச்சு?” என்கிறார்கள். மெல்லிய தகட்டிலும் அணுக்கள் ஆயிரக்கணக்கான அடுக்குகளாக இருக்கின்றன, அத்தனையையும் கடக்கும்போது எப்போதாவது ஒரு துகள் ஒரு கருவுக்கு மிக அருகில் போய்விடுகிறது என்று சொல்லிவிட்டு, அந்த அடுக்குகளைப் பலகையில் வரைய ஆரம்பிப்பேன்.