"அங்க வந்தா பத்திரமா இருக்குமாண்ணே?"

நேத்து ராத்திரி ஈப்போவில இருந்து ஒரு வாத்தியார் போன் பண்ணாரு, ஸ்கூல் லீவுக்கு டானும் வேலி காட்டப் பாக்கணுமாம், பொண்டாட்டி ரெண்டு பிள்ளைங்க மாமியார் எல்லாரும் வர்றாங்களாம், ரேட்டு கேட்டாரு, பசியாற என்ன கிடைக்கும்னு கேட்டாரு, அப்புறம் கொஞ்ச நேரம் பேச்சையே காணோம், பிறகுதான் மெதுவா அந்தக் கேள்வி வந்துச்சு. மலேசியாவுல, சபா மாநிலத்து கிழக்குக் கரையில இருக்கற லஹாட் டத்துல ஹோட்டல் நடத்துறவனுக்கு இது பழகிப்போன கேள்வி. அவருக்கு சொன்னத இங்க இன்னும் கொஞ்சம் விளக்கமா எழுதுறேன், வேற யாருக்காவது உதவும்.

நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து ஆளு. அப்பா அம்மா ரெண்டு பேரும் ரப்பர் மரத்துல பால் வெட்டுனவங்க. 1996ல செம்பனை (பாமாயில்) மில்லுல ஃபிட்டர் வேலைக்குனு சபா வந்தேன், நம்ம நாடுதான் ஆனாலும் செமனாஞ்சோங் (தீபகற்ப மலேசியா) ஆளுங்க இங்க வேலை செய்ய தனியா பாஸ் எடுக்கணும், அதெல்லாம் எடுத்து ரெண்டு வருஷத்துல திரும்பிடலாம்னுதான் வந்தது, திரும்பல. 2009ல ஒரு சீனத் தௌக்கேயோட (முதலாளியோட) கடைவீட்டுல மேல் ரெண்டு மாடிய வாடகைக்கு எடுத்து 14 ரூம் போட்டோம். கீழ வீட்டுக்காரி சாப்பாட்டுக்கடை வெச்சிருக்கா. காலையில தோசைக்கு வர்றதுல பாதிப் பேரு புகிஸ் இனத்து லோரி டிரைவருங்க, சாம்பார இன்னும் ஊத்துங்கன்னு அவங்க மலாய்ல கேக்கறத கேட்டா எனக்கு அன்னிக்கி நாள் நல்லா போகும்.

ஊரச் சுத்தி எங்க பாத்தாலும் செம்பனைதான், குலை ஏத்துன லோரி விடியறதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிச்சிடும். அதத் தாண்டி உள்ள போனா டானும், 438 சதுர கிலோமீட்டர், கோடாலி படாத காடு. இன்னொரு பக்கம் தபின், நம்ம நாட்டுல மிச்சம் இருந்த கடைசி சுமத்ரா காண்டாமிருகம் ஈமான் 2019 நவம்பர்ல செத்தது அங்கதான். இந்த ரெண்டு காட்டுக்கும் போறவங்க கோத்தா கினபாலுல இருந்து சின்ன ஏடிஆர் விமானத்துல வந்து இறங்கி ஒரு ராத்திரி டவுன்ல தங்கிட்டு காலையில வேன் ஏறுவாங்க. அந்த ஒரு ராத்திரிய நம்பித்தான் நான் கடன் வாங்குனேன். 2012ல எல்லாம் ரூமுல பாதி அவங்கதான்.

அடுத்த வருஷம் பிப்ரவரில, தெற்கு பிலிப்பைன்ஸ்ல இருக்கற சூலு பக்கத்து ஆளுங்க துப்பாக்கியோட படகுல வந்து கம்போங் தண்டுவோல இறங்கினாங்க. டவுன்ல இருந்து ரோட்டு வழி 130 கிலோமீட்டர் இருக்கும். ரெண்டு வாரத்துக்கு மேல பேச்சுவார்த்தை ஓடுச்சு, பேசியே முடிஞ்சிடும்னுதான் நாங்க எல்லாரும் நம்பினோம். அந்த நேரத்துல பினாங்குல இருந்து ஒரு குடும்பம் போன்ல இதே கேள்விய கேட்டாங்க, நான் யோசிக்காம "ஒண்ணும் இல்ல சார், அது ரொம்ப தூரம், தைரியமா வாங்க"ன்னு சொல்லிட்டேன். அவங்க வந்து இறங்கின மறுநாள் மார்ச் 1, தண்டுவோல சுட ஆரம்பிச்சிட்டாங்க, ரெண்டு போலீஸ் கமாண்டோ இறந்துட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள டவுன்ல கடையெல்லாம் கதவ இழுத்துட்டான், அரிசி வாங்க ஒரு கூட்டம், பெட்ரோலுக்கு ஒரு கூட்டம், ஆளுங்க டவுனுக்குள்ள பூந்துட்டாங்கன்னு ஒரு வதந்தி. எங்க தௌக்கே அன்னிக்கி வாயே திறக்கல, அவரு 1985 செப்டம்பர பாத்தவரு, கடல் வழியா வந்த கொள்ளைக்காரங்க இதே டவுனுக்குள்ள நுழைஞ்சு 21 பேர சுட்டுக் கொன்னப்ப அவரு இங்கதான் கடை வெச்சிருந்தாரு. அந்தக் குடும்பத்து சின்னப் பொண்ணுக்கு ஆறு வயசு இருக்கும், ரோட்டுப் பக்கத்து ரூமுல படுக்கவே மாட்டேன்னு அழுதா, மெத்தையெல்லாம் இழுத்து நடுவுல இருக்கற நடையில போட்டு எல்லாரும் அங்கதான் படுத்தோம். காலையில நானே ஏர்போர்ட்டுல விட்டேன். அவங்க என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா கூட ஆறியிருக்கும். அன்னிக்கி இருந்து "ஒண்ணும் இல்ல வாங்க"ங்கற வார்த்தை என் வாயில வரல.

மார்ச் 5ல நம்ம ராணுவ ஜெட்டு குண்டு போட்டுச்சு. முடியறதுக்குள்ள நம்ம ஆளுங்க, போலீஸ் ராணுவம் சேத்து, 10 பேரு போயிட்டாங்க. அந்த ஒரு மாசம் என் 14 ரூமும் ஃபுல், எல்லாம் பத்திரிகைக்காரங்க, டிவிக்காரங்க. அந்தக் காசுல கடன் தவணை கட்டினேன்தான், ஆனா எண்ணும்போது கை கூசுச்சு. அவங்க கிளம்பின பிறகு ஹோட்டல் அப்படியே காலி. அம்மா தினம் போன் பண்ணி "போதும் ஐயா, வந்துடு, இங்க கஞ்சியோ கூழோ குடிச்சிக்கலாம்"னு அழுவாங்க.

இங்க போகாதேன்னு வெளிநாட்டு அரசாங்கங்க தங்க ஆளுங்களுக்கு குடுக்கற பயண எச்சரிக்கை 2013ல புதுசா வந்தது இல்ல, 2000 ஏப்ரல்ல சிபாடான் தீவுல இருந்து 21 பேர கடத்துனப்பவே வந்தது, 2013க்குப் பிறகு இறுகிப்போச்சு. அதுல நான் கவனிச்ச ஒண்ணு, பிரிட்டிஷ்காரன் அப்ப எழுதுனது குடாட்ல இருந்து தாவாவ் வரைக்கும் கடல்ல இருக்கற தீவுங்களப் பத்தி. ஆஸ்திரேலியாக்காரன் கடலோரத்தையும் சேத்துக்கிட்டான். அமெரிக்கா கிழக்கு சபான்னே சொல்லிடுச்சு. படிக்கறவன் இவ்வளவு நுணுக்கமா எங்க பாக்கறான், மேப்புல கலர் பூசியிருக்கா, கேன்சல். காட்டுக்குள்ள 80 கிலோமீட்டர் தள்ளி ஓராங் ஊத்தான் பாக்கப் போறவனும், ராத்திரி படகுல தீவுக்குப் போறவனும் ஒரே கலர்லதான் இருக்கான். அதோட இன்சூரன்ஸ், அரசாங்கம் போகாதேன்னு சொன்ன இடத்துக்குப் போனா நிறைய கம்பெனி காசு குடுக்காது, பயமே இல்லாதவன் கூட அதனால நின்னுடுவான். எழுதுறவங்கள நான் தப்பு சொல்லல, அவங்க ஆளுங்க உயிரு அவங்களுக்கு, தீவுப் பக்கம் கடத்தல் நிஜமாவே நடந்துச்சே. எனக்கு வேண்டியது தூரத்தையும் கொஞ்சம் பாக்கணும், அவ்வளவுதான்.

ஹோட்டல காப்பாத்துனது செம்பனைதான். மில் இன்ஜினியருங்க, உரம் விக்கறவங்க, பிஓஐசிங்கற செம்பனைத் தொழிற்பேட்டை துறைமுகப் பக்கம் வேலைக்கு வர்றவங்க, செமனாஞ்சோங்ல இருந்து போஸ்டிங் வாங்கி வந்து வீடு தேடற வரைக்கும் தங்கற டீச்சருங்க. ராத்திரிக்கு 90 வெள்ளிய 60 ஆக்கினேன், மாசக் கணக்குல இருந்தா இன்னும் குறைச்சேன். அந்த வருஷ தீபாவளிக்கு கீழ கடையில ஆட்டுக்கறி ஆக்கி 20 தமிழ் ஆளுங்க ஒண்ணா சாப்பிட்டோம், அதுல ரெண்டு பேரு எஸ்காம் (கிழக்கு சபா பாதுகாப்புப் பிரிவு) டியூட்டில இருந்த போலீஸ் தம்பிங்க.

வாத்தியாருக்கு என்ன சொன்னேன்னா, தம்பி, டானும் போறது கடலோரத்த விட்டு உள்ள போற ரோடு, கடலுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல, வழியில ரோட் பிளாக் இருந்தா ஐசி (அடையாள அட்டை) கேப்பாங்க, எல்லாரும் கையில வெச்சிக்குங்க. தீவுக்கும் போகணும்னா அது வேற பேச்சு, 2014 ஜூலையில கடல்ல ராத்திரி ஊரடங்கு போட்டு அத நீட்டிச்சிக்கிட்டே வந்தாங்க, கிளம்பறதுக்கு முன்னாடி அன்னிக்கி நிலவரம் என்னன்னு கேளுங்க, இருட்டுல எவன் படகு எடுக்கறேன்னு சொன்னாலும் ஏறாதீங்க. இன்சூரன்ஸ் பேப்பர முழுசா படிங்க. 2013ல என்ன நடந்துச்சுங்கறதையும் சொன்னேன், நடையில படுத்த ராத்திரியையும் மறைக்கல.

வீட்டுல பேசிட்டு சொல்றேண்ணேன்னாரு. வெள்ளிக்கிழமை வரைக்கும் ரெண்டு ரூம யாருக்கும் குடுக்காம வெச்சிருக்கேன், மாமியாருக்கு மாடி ஏறறது கஷ்டம்னாரு, அதனால முதல் மாடியிலயே.