பின்னேர வேலை: ஒரு தாதியின் மே மாதக் குறிப்புகள்

மே 4, திங்கள்

இன்றிலிருந்து ஆறு கிழமைக்கு என்னோடு ஒரு மாணவி இருப்பாள். பிலிப்பீன்ஸில் பிறந்து இங்கே வளர்ந்தவள். இரண்டு வருட டிப்ளோமாவின் கடைசிப் பயிற்சி இது. கல்லூரி கொடுத்த படிவத்தில் நான்கு தலைப்புகள்: தலைமைத்துவம், தொடர்பாடல், அறநெறி, பண்பாட்டுத் திறன். கிழமைக்கு ஒரு பக்கம் அவள் எழுதிக் கொடுக்க வேண்டும். "நீங்களும் எழுதுவீர்களா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியால்தான் இதைத் தொடங்குகிறேன்.

முதலில் ஒன்று. ஒன்ராறியோவில் நோயாளியின் தகவலைக் காப்பதற்கு 2004ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் அவர்களின் கதை அவர்களுடையது. அதனால் அறை எண், வயது, வருத்தம் என்று அடையாளம் காட்டக்கூடியவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.

நான் வேலை செய்வது ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லம். என் மாடியில் 32 பேர். பின்னேரம் மூன்று மணியிலிருந்து பதினொன்று வரை ஆர்.பி.என். (பதிவு பெற்ற செயல்முறைத் தாதி) நான் ஒருத்திதான். என்னோடு மூன்று பி.எஸ்.டபிள்யூ., அதாவது பராமரிப்பு உதவியாளர்கள். கட்டடம் முழுவதற்கும் ஒரு ஆர்.என். (பதிவு பெற்ற தாதி) இருப்பார். பட்டம் படித்தவர் ஆர்.என்., டிப்ளோமா படித்தவர்கள் நாங்கள். இரண்டு பேருக்கும் பதிவு தருவது ஒன்ராறியோ தாதியர் கல்லூரி. (பெயரில்தான் கல்லூரி, அங்கே பாடம் நடப்பதில்லை.) மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது மட்டும்தான் எங்கள் வேலை என்று வெளியில் நினைப்பார்கள். யாரிடம் யாரை விடுவது, யார் களைத்துப் போயிருக்கிறார், எந்தப் பிள்ளைக்கு இன்று தொலைபேசி எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த வண்டியோடு சேர்ந்தே வருகிறது.

14ஆம் அறைக்குப் புதிதாக ஒரு அம்மா வந்து ஆறு நாள். மன்னார்ப் பக்கம். சாப்பாடு இறங்கவில்லை.

மே 6, புதன்

இன்று நடந்ததை உள்ளபடி எழுத வேண்டும்.

அந்த அம்மா வந்த அன்று சமையலறையில் இருந்து என்னிடம்தான் கேட்டார்கள், தமிழ்ப் பெண்மணிக்கு என்ன கொடுப்பது என்று. கோப்பில் ஒன்றும் இருக்கவில்லை. மாட்டிறைச்சி வேண்டாம், செவ்வாய் வெள்ளி மரக்கறி, முடிந்தால் மற்ற நாளும் மரக்கறியே நல்லது என்று யோசிக்காமல் சொன்னேன். என் அம்மாவுக்கு என்ன கொடுப்பேனோ அதைச் சொல்லிவிட்டேன்.

இன்று மாணவி படுக்கை விரிப்பு மாற்றும்போது தலையணைக்குக் கீழே ஒரு செபமாலையைக் கண்டாள். மரமணிகள், உருட்டி உருட்டி நிறம் போய்ப் பளபளத்திருந்தன. அவள் தன் கழுத்துச் சங்கிலியில் இருந்த மாதா படத்தை எடுத்துக் காட்டினாள். அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மடு மாதா?" என்று கேட்டா, மன்னார்ப் பக்கத்து மடுக் கோயில் மாதாவை நினைத்து. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். இத்தனை நாளாக அதே தலையணையைத் தட்டிச் சரி செய்தவள் நான்.

பிறகுதான் கேட்டேன்.

"அம்மா, உங்களுக்கு என்ன சாப்பிட விருப்பம்?"

"மீன் இல்லாமல் எப்பிடிப் பிள்ளை சோறு இறங்கும்? இஞ்ச மீன் தரமாட்டினம் போல எண்டு நினைச்சன்."

கடற்கரையில் பிறந்து, மீனவரைக் கட்டி, 80 வயது வரை மீனோடு வாழ்ந்தவ. நிறுத்துப் பார்த்தால் ஒன்றரைக் கிலோ குறைந்திருக்கிறா. இரவே உணவுக் குறிப்பைத் திருத்தினேன், யார் சொல்லித் தவறாக எழுதப்பட்டது என்பதையும் சேர்த்து.

இடைவேளையில் மாணவி ஜாய்ஸ் எஷாக்குவானைப் பற்றிக் கதைத்தாள், வகுப்பில் படித்ததாம். அற்றிக்கமெக் என்ற கனடியப் பூர்வீக இனத் தாய், ஏழு பிள்ளைகள். 2020 செப்டம்பர் 28 அன்று கியூபெக்கில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தபடியே, தன்னை ஊழியர்கள் இழிவாகப் பேசுவதைத் தொலைபேசியில் நேரலையாகக் காட்டிவிட்டு இறந்துபோனார். போதைக்கு அடிமை என்று பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டியிருந்தார்கள். என்னுடையதை அதோடு ஒப்பிட மாட்டேன், அங்கே இருந்தது வெறுப்பு. ஆனாலும் கேட்காமலே ஒருவரைத் தெரியும் என்று நினைத்தேனே, அது மனதை விட்டுப் போகவில்லை.

மே 8, வெள்ளி

14ஆம் அறை அம்மாவின் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வயிற்றில் புற்றுநோய், பரவியிருக்கிறது. மருத்துவர், மகன், அம்மா, நான், மாணவி கூட்டத்தில் இருந்தோம். மொழிபெயர்ப்பது நான்.

உள்ளே போக முதல் மகன் நடைபாதையில் என்னை மறித்தார். "அக்கா, அந்தச் சொல்லை மட்டும் அம்மாவுக்குச் சொல்லிப் போடாதேங்கோ. கேட்டா சாப்பிடாமல் கிடந்தே செத்துப் போவா." கண் கலங்கியிருந்தது. நான் சரி என்று சொல்லவில்லை. ஏலாது என்றும் சொல்லவில்லை.

மருத்துவர் மூன்று நிமிடமாவது கதைத்திருப்பார். என்ன வருத்தம், எவ்வளவு தூரம், அறுவைச் சிகிச்சை ஏன் சரிவராது என்று எல்லாம் சொன்னார். நான் அம்மாவிடம் சொன்னது இவ்வளவுதான்: "அம்மா, வயித்துக்குள்ள ஒரு கட்டி இருக்காம். நோகாமல் இருக்க மருந்து தருவினம்." அம்மா தலையாட்டினா. விளங்கிவிட்டது, சம்மதம் என்று கோப்பில் பதிவானது.

வெளியே வந்ததும் மாணவி கேட்டாள்: "அவர் அவ்வளவு நேரம் பேசினார். நீங்கள் இரண்டு வசனம்தான் சொன்னீர்கள். மீதியைப் பிறகு சொல்வீர்களா?"

மருந்து நேரம் என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மே 9, சனி

நித்திரை இல்லை.

அப்பாவுக்கு நாங்கள் கடைசிவரை சொல்லவில்லை. சுகமாகி வந்து கிணற்றுக் கட்டைப் பூச வேண்டும், சீமெந்து வாங்கி வையுங்கோ என்றார். வாங்கி வைத்தோம். அவர் போன பிறகு அந்த மாரியில் இரண்டு பையும் இறுகிக் கல்லாகிவிட்டன. அம்மா அதை எறிய விடவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் சீமெந்தைப் பற்றிக் கதைத்த நேரத்தில் வேறு எதைக் கதைத்திருப்பாரோ என்று இருபது வருடமாக யோசிக்கிறேன். அப்படி யோசிக்கிற நானே நேற்று அதையே செய்தேன்.

ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டு மருத்துவச் சம்மதச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. விளங்கிக்கொள்ளும் திறன் ஒருவருக்கு இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அவருக்காக மற்றவர் முடிவெடுப்பது அந்தத் திறன் இல்லாதபோது மட்டும். கோப்பில் மகனின் பெயர் இருந்தாலும், அம்மா தெளிவாக இருக்கும்வரை அந்தப் பெயருக்கு வேலை இல்லை. வயதும் மொழியும் இதை மாற்றாது. வருத்தம் இன்னதென்று தெரியாமல் ஆட்டிய தலை சம்மதமும் ஆகாது.

மகன் கேட்டது அன்பினால்தான். எங்கள் வீடுகளில் வருத்தத்தைக் குடும்பம்தான் சுமக்கும், நோயாளி தனியே சுமக்க விடமாட்டோம். அது எனக்கு விளங்கும். விளங்கியதால்தான் அம்மாவிடம் கேட்க மறந்தேன்.

நியூசிலாந்தின் மாவோரித் தாதி இரிஹாபெட்டி ராம்ஸ்டன் முன்வைத்த 'பண்பாட்டுப் பாதுகாப்பு' அந்த நாட்டுத் தாதியர் பாடத்திட்டத்தில் 1992இல் சேர்ந்தது. பராமரிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் பராமரிக்கப்பட்டவர்தான் என்பது அதன் சாரம். பரீட்சையில் இதை எழுதி நல்ல புள்ளி எடுத்திருக்கிறேன்.

மே 11, திங்கள்

காலையிலேயே மேலாளருக்குத் தொலைபேசி எடுத்து எதை விட்டேன், ஏன் விட்டேன் என்று சொன்னேன். கோப்பிலும் எழுதினேன். கூட்டம் திரும்ப நடக்கும், வெளி மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் வருவார்.

மாணவியிடமும் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணீர் போட்டுத் தந்தாள்.

மே 12, செவ்வாய்

தாதியர் தினம். கேக் வந்தது. இரண்டு மணிக்கு, என் வேலை தொடங்க முதல், கூட்டம்.

நான் மருத்துவரிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்: முதலில் வருத்தத்தைச் சொல்ல வேண்டாம், எவ்வளவு தெரிய விருப்பம் என்று கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர் போல. "வலி எப்படி இருக்கு?" என்று கேட்க அம்மா, "இப்ப நோ குறைவு" என்றா. அவர் ஒரு கணம் தயங்கி, "நோ என்றால் வலிதானே?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார். அவர் கேட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது.

எவ்வளவு தெரிய வேண்டும் என்ற கேள்விக்கு அம்மா கனநேரம் பேசவில்லை. செபமாலையில் மூன்று நான்கு மணி உருண்டது.

"சாகப் போறன் எண்டா எனக்குச் சொல்லுங்கோ. மற்ற விவரமெல்லாம் மகனிட்டச் சொல்லுங்கோ, அவன் படிச்சவன்."

மருத்துவர் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் எதையும் குறைக்கவில்லை.

"ஆவணி மடுத் திருவிழா வரைக்கும் இருப்பனோ?"

ஆகஸ்ட் 15, அவவுக்கு ஒரு நேர்த்தி இருக்கிறது என்று மருத்துவருக்கு விளக்கினேன். அவர் கதிரையை அருகில் இழுத்தார். "இருக்கலாம், என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த வருடத் திருவிழாவுக்கு இருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை." அம்மா, "அப்ப நேர்த்திக் காசை இந்த வருஷமே அனுப்ப வேணும்" என்று மகனைப் பார்த்தா. அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

லிஃப்ட் அடியில் அவரைப் பிடித்தேன். "எங்கட ஆள் எண்டு நம்பித்தான் உங்களிட்டச் சொன்னனான்" என்றார். "அண்டைக்கே ஏலாது எண்டு உங்களிட்டச் சொல்லியிருக்க வேணும். அது என்ர பிழை" என்றேன். கதவு மூடும்வரை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மே 14, வியாழன்

இரவு எட்டு மணிக்கு அம்மாவுக்கு நோ கூடிவிட்டது. பத்துக்கு எத்தனை என்று கேட்டால் எங்கள் ஆட்கள் "பரவாயில்லை" என்றுதான் சொல்வார்கள். எரியுதோ, குத்துதோ, உளையுதோ, பிடிச்சிழுக்குதோ என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். "முதுகுப் பக்கமா உளையுது பிள்ளை, விட்டு விட்டு" என்றா.

ஆர்.என்.இடம் சொல்ல மாணவியை விட்டேன். இப்போது என்ன நிலை, பின்னணி என்ன, நான் என்ன கண்டேன், எனக்கு என்ன வேண்டும் என்ற நான்கு படி. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிகளில் இருந்து மருத்துவமனைகளுக்கு வந்த முறை இது. முதலில் பதறி அம்மாவின் ஊரில் இருந்து தொடங்கினாள். நிறுத்தி, மூச்செடுத்து, திரும்பத் தொடங்கினாள். ஒரு நிமிடத்தில் முடிந்தது. அரை மணியில் ஹைட்ரோமோர்ஃபோன் என்ற நோ மருந்தின் அளவைக் கூட்டி உத்தரவு வந்தது.

மே 16, சனி

திங்கட்கிழமை விக்டோரியா தினம், கனடாவில் விடுமுறை. ரொறன்ரோவில் அன்றைக்கு வீட்டு முற்றத்தில் அனுமதி இல்லாமலே வாணம் விடலாம், இரவு 11 வரை. இந்த வருடம் அது மே 18இல் வருகிறது. முள்ளிவாய்க்கால் நாள், போரின் முடிவில் இறந்தவர்களை நாங்கள் நினைக்கும் நாள். வாணச் சத்தம் குண்டுச் சத்தம் போலக் கேட்கும்.

என் மாடியில் தமிழர் நான்கு பேர். நான்கு அறைக்கும் திரைச்சீலையை முன்கூட்டியே மூடுவோம், ஆளுக்கொருவர் பக்கத்தில் இருப்போம் என்று திட்டம் போட்டு அணியிடம் சொன்னேன். ஜமேக்காவில் இருந்து வந்த பி.எஸ்.டபிள்யூ., இந்த மாடியில் என்னை விடப் பழையவ, கையை உயர்த்தினா. "அவர்களிடம் கேட்டீர்களா? மற்ற 28 பேர்?"

இல்லை. மீனில் செய்ததைத் திரும்பச் செய்யப் பார்த்தேன். எல்லோருமாக அறை அறையாகக் கேட்கப் போனோம். மறதி வருத்தம் உள்ளவர்களின் பிள்ளைகளுக்குத் தொலைபேசி எடுத்தோம். 22ஆம் அறை ஆங்கிலேயப் பாட்டி சிறுமியாக லண்டனில் குண்டுவீச்சைக் கண்டவ என்பது இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் தெரியும். வன்னி ஐயா வானொலியைச் சத்தமாக வைத்து, ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் போதும் என்றார். திரையை மூட வேண்டாம், எங்கிருந்து சத்தம் வருகிறது என்று தனக்குத் தெரிய வேண்டும் என்றார்.

14ஆம் அறை அம்மா, "வாணமோ? கோயில் பெருநாளுக்கு விடுவினம். யன்னலைத் திறந்து விடுங்கோ, பாக்க வேணும்" என்றா.

மே 18, திங்கள்

ஒன்பதேகாலுக்குத் தொடங்கியது. மாணவி லண்டன் பாட்டியோடு, கையைக் கோர்த்தபடி. ஜமேக்காக்கார அக்கா வன்னி ஐயாவோடு. அவர் இன்று பகல் ஒரு மெழுகுதிரி கேட்டார். நெருப்பு ஏற்ற அனுமதி இல்லை, பற்றரியில் எரிவது ஒன்றை மேசையில் வைத்துக் கொடுத்தோம்.

மருந்து முடித்து 14க்குப் போனேன். மகன் வந்திருந்தார், தன் சின்ன மகளோடு. செவ்வாய்க்குப் பிறகு இன்றைக்குத்தான் அவரைக் காண்கிறேன். அம்மா யன்னலடியில், பிள்ளை நிற்க, அவர் சுவரோடு சாய்ந்து.

"இன்னொரு கதிரை கிடைக்குமோ?" என்றார்.

சாப்பாட்டு அறையில் இருந்து இரண்டு கொண்டுவந்து வைத்தேன். யன்னல் 15 சென்ரிமீற்றருக்கு மேல் திறக்காது, விதி அப்படி. அந்த இடைவெளியில் பிள்ளை மூக்கை வைத்து, மருந்து மணக்குது அப்பம்மா என்றது. "அது வாண மருந்து மணம்" என்றா அம்மா.

11 மணிக்கு இரவுத் தாதியிடம் சொல்லி ஒப்படைத்தது: 14ஆம் அறை, நோ குறைவு. இரவுச் சாப்பாடு மீனும் சோறும், அரைவாசி முடித்தா. உறவினர் கூட இருக்கிறார்கள். யன்னல் திறந்திருக்கிறது, மூட முதல் அவவைக் கேட்கவும்.