ஊதா நிறம் சொன்ன பொய்

தீபாவளியன்று காலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, இரண்டு முறுக்கை வாயில் போட்டுக்கொண்டு நான் போய் இறங்கிய இடம் சிங்கப்பூரின் புவன விஸ்தா ரயில் நிலையம். நமக்குத்தான் பொது விடுமுறை, ஆய்வுக்காக வளர்க்கும் உயிர்ச் செல்களுக்கு ஏது? இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஊட்டநீரை மாற்றாவிட்டால் வாடிப் போய்விடும். எங்கள் ஆய்வகத்தில் அதற்குச் 'சாப்பாடு போடுறது' என்று பெயர்.

நான் வளர்த்தவை எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய்ச் செல்கள். 1970-இல் அமெரிக்காவில் ஒரு நோயாளியின் நெஞ்சுக்குள் சேர்ந்த நீரிலிருந்து எடுத்தவை. அந்த அம்மா போய் அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. அவர் செல்கள் 37 டிகிரி சூட்டில், 5 விழுக்காடு கரியமில வாயுவில் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. இன்குபேட்டர் கதவைத் திறக்கும்போது எப்போதாவது அவரை நினைத்துக்கொள்வேன்.

என் வேலை, மஞ்சள், நெல்லிக்காய், துளசி மூன்றும் சேர்ந்த சாற்றை இந்தச் செல்கள்மேல் ஊற்றிப் பார்ப்பது. 96 குழிகள் உள்ள தட்டில் செல்களைப் பரப்பி, சாற்றைப் பல அளவுகளில் போட்டு, இரண்டு நாள் கழித்து எம்டிடி என்ற மஞ்சள் உப்பைச் சேர்ப்போம். உயிருள்ள செல் அதை ஊதா நிறமாக்கும், செத்தது ஆக்காது. 1983-இல் வந்த முறை, மலிவு, வேகம். எவ்வளவு ஊதாவோ அவ்வளவு உயிர் என்று கருவி எண்ணாகச் சொல்லிவிடும்.

என் தட்டில் வந்த எண்ணோ விசித்திரமாக இருந்தது. சாறு கூடக் கூட ஊதாவும் கூடியது. புற்றுநோய்க்கு நாமே சத்து மருந்து கொடுத்துவிட்டோமா என்று வயிறு கலங்கியது. மூன்று வாரம் அளவை மாற்றி மாற்றிப் போட்டேன். கடைசியில் எங்கள் மூத்த ஆய்வாளர் அக்கா, "எண்ணை மட்டும் பாக்குறியே, செல்லைப் பாத்தியா?" என்று கேட்டார். நுண்ணோக்கியில் வைத்தால், செல்கள் தரையைவிட்டு உருண்டு மிதந்துகொண்டிருந்தன. அத்தனையும் பிணம்!

அப்புறம்தான் புத்தி வந்தது. செல்லே இல்லாத குழியில் வெறும் சாற்றையும் எம்டிடியையும் விட்டேன். அழகான ஊதா. நெல்லிக்காயில் இருக்கும் வைட்டமின் சி போன்றவை எந்தச் செல்லின் உதவியும் இல்லாமல் அந்த உப்பை நிறம் மாற்றிவிடும். முதல் நாளே வைத்திருக்க வேண்டிய குழி அது. வைக்காதது என் தப்பு.

சரி, செல் செத்ததே, அதுவே வெற்றிதானே? அதுவும் இல்லை. சாதாரணத் தோல் செல்களில் அதே அளவைப் போட்டோம், அவையும் செத்தன. தட்டில் செல்லைக் கொல்ல வெந்நீரே போதும். போதாக்குறைக்கு மூன்று செடி சேர்ந்த கலவையில் எது கொன்றது என்று பிரித்துச் சொல்வதற்குள் அடுத்த மூட்டை மஞ்சளில் சத்தின் அளவு மாறியிருக்கும்.

அதற்காகச் செடிகளை இளக்காரமாகப் பேச மாட்டேன். எங்கள் புளோக் தாழ்வாரத்துத் தொட்டிகளில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. 1950-களில் கனடாவில் அதைச் சர்க்கரை நோய்க்காகச் சோதிக்கப் போய், எலிகளின் வெள்ளை அணுக்கள் குறைவதைக் கவனித்தார்கள். அங்கே தொடங்கி, ஒற்றைப் பொருளாகப் பிரித்து, அளவு கண்டு மருந்தாக்கினார்கள். இலையை அரைத்துக் குடித்தால் அது விஷம்.

மேல்மாடி ஆன்ட்டி புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சையில் இருந்தார். ஒருநாள் மின்தூக்கியில் பொட்டலம் ஒன்றைக் காட்டினார். "தம்பி, நீங்க மூலிகையிலதானே ஆராய்ச்சி பண்றீங்க? ஊர்லேர்ந்து இந்த ஒரு பொடிதான் வந்துச்சு. சாப்பிடலாமா?"

தட்டில் கண்டதை வைத்து அவர் உடம்புக்கு நான் பதில் சொல்ல முடியாது என்றேன். சில மூலிகைகள் கீமோ மருந்தை ஈரல் கையாளும் விதத்தையே மாற்றிவிடும், பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள் என்றேன்.

"திட்டுவாரே."

"திட்டினா நான் வந்து பேசுறேன் ஆன்ட்டி."

அடுத்த வாரம் பார்த்தபோது, டாக்டர் திட்டவில்லை என்றார். வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாராம்.

"அஞ்சு சொன்னேன் தம்பி."


என்னிடம் ஒன்றுதான் என்று சொன்னவர்.