காதால் கேட்டு வடிவமைத்த ஆய்வேடு

ஆய்வேட்டை எழுதி முடிப்பது ஒரு பாடு என்றால், அதைப் பல்கலைக்கழகம் கேட்கும் வடிவத்துக்குக் கொண்டுவருவது தனிப் பாடு. இடப்பக்க மார்ஜின் ஒன்றரை அங்குலம், மற்ற மூன்று பக்கமும் ஒரு அங்குலம், வரிகளுக்கிடையே ஒன்றரை இடைவெளி, முன்பக்கங்களுக்கு ரோமன் எண், முதல் இயலிலிருந்து 1, 2, 3. எனக்குப் பார்வை கிடையாது. எங்களில் பலர் இந்தக் கட்டத்தில் பென்டிரைவை எடுத்துக்கொண்டு டி.டி.பி. சென்டருக்குப் போய்விடுவோம். நானும் போனேன்.

திரும்பி வந்த கோப்பை ஸ்க்ரீன் ரீடரில் (திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) திறந்தால், ‘தமிழ்’ என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்று கேட்டது. யூனிகோடில் நான் கொடுத்ததைத் தங்களுக்குப் பழகிய பாமினி என்ற பழைய எழுத்துருவுக்கு மாற்றியிருந்தார்கள். பாமினியில் கண்ணுக்குத்தான் தமிழ்; கணினியின் கணக்கில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. தலைப்பெல்லாம் ஸ்பேஸ் பார் தட்டி நடுவுக்குத் தள்ளப்பட்டிருந்தது. புதுப் பக்கம் வேண்டிய இடத்தில் என்டர் மேல் என்டர். நான் கீழே இறங்க இறங்க “பிளாங்க், பிளாங்க், பிளாங்க்” என்று வந்துகொண்டே இருந்தது. பொருளடக்கத்தில் புள்ளிகளைக் கையாலேயே வைத்திருந்தார்கள்.

“பார்க்க நல்லாத்தானேம்மா இருக்கு?” என்றார் அந்தக் கடை அண்ணன். இருந்திருக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் நெறியாளர் நடுவில் ஒரு பத்தியைச் சேர்க்கச் சொன்னால் அத்தனை என்டரும் நகர்ந்துவிடும். அதை நானே சரிசெய்ய வழியில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கடைக்கு ஓட வேண்டும். என்னிடமிருந்த பழைய யூனிகோடு கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு, இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் பயன்படுத்துவது விண்டோஸும் எம்.எஸ். வேர்டும் என்.வி.டி.ஏ.வும். என்.வி.டி.ஏ. இலவச ஸ்க்ரீன் ரீடர். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் தொடங்கியது. பிறகு ஜேம்ஸ் டே சேர்ந்துகொண்டார். இருவருமே பார்வையற்றவர்கள். அதோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. கொஞ்சம் இரும்புக் குரல்தான், ஆனால் வேகமாக வைத்துக் கேட்கப் பழகிவிட்டால் அதை விட மனம் வராது.

இந்த வேலை முழுவதிலும் என் கை அதிகம் போனது ஒரே ஒரு குறுக்குவழிக்குத்தான்: என்.வி.டி.ஏ. விசையோடு எஃப். என்.வி.டி.ஏ. விசை என்பது இன்சர்ட். லேப்டாப்பில் கேப்ஸ் லாக்கை வைத்துக்கொள்ளலாம். கர்சர் நிற்கும் இடத்தில் எழுத்துரு என்ன, அளவு என்ன, நிறம் என்ன, எந்த ஸ்டைல் (தலைப்பா, பத்தியா என்ற வடிவப் பெயர்), எந்த அலைன்மென்ட் என்று அது சொல்லிவிடும். இரண்டு முறை தட்டினால் அதே விவரம் தனிச் சன்னலில் வரும், அம்புக்குறியால் வரிவரியாகப் படிக்கலாம். கண்ணால் பார்ப்பவர் ‘இது தலைப்பு மாதிரி இருக்கிறது’ என்று முடிவுசெய்வார். எனக்கு அந்த ‘மாதிரி’ கிடையாது. ஆவணத்துக்குள் அது தலைப்பு என்று எழுதியிருந்தால் தலைப்பு, இல்லையென்றால் வெறும் பத்தி.

ஆகவே ஸ்டைலில் தொடங்கினேன். இயல் தலைப்பில் நின்று கன்ட்ரோல், ஆல்ட், 1. உட்தலைப்புக்கு 2, அதற்கும் உள்ளே 3. சாதாரணப் பத்திக்கு கன்ட்ரோல், ஷிஃப்ட், என். தட்டியதும் ‘ஹெடிங் 1’ என்று என்.வி.டி.ஏ. உறுதி சொல்லும். பிறகு எஃப் தட்டிக் கேட்டால், தலைப்பு நீல நிறமாம்! வேர்டில் தலைப்பு ஸ்டைல்களுக்கு இயல்பாகவே நீலம்தான். கறுப்பு வெள்ளையில் போக வேண்டிய ஆய்வேட்டில் அது ஆகாது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் தட்டினால் ஸ்டைல் பெயர் கேட்கும் பெட்டி வரும். அதில் டேப் அடித்து ‘மாடிஃபை’ பட்டனுக்குப் போய் நிறம், அளவு, நடுவில் வைப்பது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மாற்றினேன். பத்திக்கான பெட்டியில் ‘பேஜ் பிரேக் பிஃபோர்’ என்பதையும் தேர்ந்தெடுத்ததால் எல்லா இயலும் தானாகவே புதுப் பக்கத்தில் தொடங்கின. என்டர் மழைக்கு வேலையே இல்லை.

தமிழில் எழுதுபவர்கள் இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துருப் பெட்டியில் முதலில் வரும் எழுத்துருவும் அளவும் ஆங்கிலத்துக்கானவை. அங்கே எதை மாற்றினாலும் தமிழ் அசையாது. டேப் அடித்துக்கொண்டே போனால் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று ஒரு பகுதி தனியாக வரும், அதற்கென்று எழுத்துரு, அளவு எல்லாம் உண்டு. தமிழ் அந்தப் பகுதி சொல்வதைத்தான் கேட்கும். லதாவோ நிர்மலாவோ எது வேண்டுமோ அதை அங்கே வைக்க வேண்டும்.

என் ஆய்வு நாட்டுப்புறப் பாடல்களைப் பற்றியது என்பதால் பக்கத்துக்குப் பக்கம் பாடல் மேற்கோள். பத்திகளுக்கு கன்ட்ரோல் ஜே போட்டு இருபுறமும் சமன்செய்திருந்தேன். பாடலடிகளை ஷிஃப்ட் என்டரால் பிரித்திருந்தேன். கேட்பதற்கு ஒரு குறையும் இல்லை. பார்வையுள்ள தோழி ஒருத்தி புரட்டிப் பார்த்துவிட்டு, “ஏய், பாட்டு வரியெல்லாம் இழுத்துக் கட்டின மாதிரி இருக்குடி” என்றாள். சமன்செய்த பத்தியில் ஷிஃப்ட் என்டர் போட்டால் வேர்ட் அந்த வரியை ஓரத்திலிருந்து ஓரம்வரை நீட்டிவிடும். ‘பாடல்’ என்ற பெயரில் ஒரு ஸ்டைல் உருவாக்கி, இடப்பக்கம் சீராகவும் சற்று உள்தள்ளியும் வைத்து, எல்லா மேற்கோளுக்கும் அதைக் கொடுத்தேன். அதற்கப்புறம் எஃப் தட்டும்போது ‘பாடல்’ என்ற பெயரே காதில் விழுந்தது, சோதிக்கவும் வசதியாகப் போயிற்று.

என்னை அதிகம் படுத்தியது பக்க எண். ரோமன் எண்ணும் சாதாரண எண்ணும் ஒரே கோப்பில் வர வேண்டுமென்றால் ஆவணத்தைப் பிரிவுகளாக வெட்ட வேண்டும். ஆல்ட்டைத் தட்டி விட்டுவிட்டு வரிசையாக பி, பி, என் (P, B, N): அடுத்த பக்கத்தில் புதுப் பிரிவு தொடங்கும். வெட்டினால் மட்டும் போதாது. இரண்டாம் பிரிவில் பக்க எண் நிற்கும் அடிப்பகுதி (ஃபுட்டர்) முதல் பிரிவோடு கட்டிப்போட்டே இருக்கும். ‘லிங்க் டு ப்ரீவியஸ்’ என்ற அந்தக் கட்டை அவிழ்க்காமல் ஒரு பக்கம் எண்ணை மாற்றினால் இன்னொரு பக்கமும் சேர்ந்து மாறும். ரிப்பன் என்ற மெனுப் பட்டைக்குள் அதைத் தேடி அலைவதைவிட, ஆல்ட் க்யூ தட்டித் தேடல் பெட்டியில் அதன் பெயரை எழுதுவது எளிது. என்.வி.டி.ஏ. அமைப்பில் பக்க எண் அறிவிப்பை இயக்கி வைத்திருந்தேன். பக்கமோ பிரிவோ மாறும்போது அதுவே சொல்லிவிடும். மார்ஜினைச் சோதிக்க, வரித் தொடக்கத்தில் நின்று என்.வி.டி.ஏ. விசையோடு டெலீட் தட்டினால் காகிதத்தின் ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று சொல்லும்.

பொருளடக்கம் சும்மா வந்தது. வரிசையாக ஆல்ட், எஸ், டி (S, T). தலைப்புகள் சரியாக இருந்ததால் பட்டியலும் பக்க எண்ணும் தானாக நிரம்பின. திருத்தம் செய்த பிறகெல்லாம் அந்தப் பட்டியலில் நின்று எஃப்9 தட்டினால் போதும். ஃபுட்நோட்டும் அப்படித்தான்: கன்ட்ரோல், ஆல்ட், எஃப் தட்டி எழுதிக்கொண்டே போனேன், எண்வரிசையை வேர்ட் பார்த்துக்கொண்டது. தேவையில்லாத வெற்றுப் பத்திகளை கன்ட்ரோல் எச் வழியாகத் துடைத்தேன். தேட வேண்டியது கேரட் குறியும் சின்ன எழுத்து பியும் (^p), இரண்டு முறை. மாற்றாக அதையே ஒரு முறை.

சரி, எல்லாமே காதுக்கு வந்துவிடுமா என்றால், வராது. நீண்ட தமிழ்ச் சொற்கள் வரும் வரியைச் சமன்செய்யும்போது நடுவில் விழும் பெரிய சந்துகள், அட்டவணை ஓரத்தைத் தாண்டி நிற்பது, படம் பத்தியின் மேல் ஏறிக்கொள்வது, இவற்றுக்கெல்லாம் ஒரு ஜோடிக் கண் வேண்டும். ஆனால் ‘நல்லா இருக்கா?’ என்று கேட்கக் கூடாது. அதற்கு எல்லோரும் ‘இருக்கு’ என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்று பட்டியல் கொடுத்தேன். தோழி பக்க எண்ணோடு குறை சொன்னாள், விசைப்பலகை என் கையிலேயே இருந்தது.

கடைசியில் பி.டி.எஃப். ஆய்வேட்டின் மின்படி, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்துக்குப் போகிறது. நாளைக்கு இன்னொரு பார்வையற்ற மாணவர் அதைத் திறக்கலாம். அதனால் பிரின்ட் வழியாக பி.டி.எஃப். ஆக்கவில்லை. எஃப்12 தட்டி, வகையில் பி.டி.எஃப். தேர்ந்தெடுத்து, ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே அணுகல்தன்மைக்கான டேக் (எது தலைப்பு, எது பத்தி என்று ஸ்க்ரீன் ரீடருக்குச் சொல்லும் குறி) பெட்டியும் தலைப்புகளை வைத்து புக்மார்க் உருவாக்கும் பெட்டியும் டிக் ஆகியிருக்கின்றனவா என்று பார்த்துச் சேமித்தேன். திறந்து எச் தட்டினால் தலைப்பு தலைப்பாகத் தாவியது. நெறியாளர் கையெழுத்திட்ட சான்றிதழ்ப் பக்கம் மட்டும் ஸ்கேன் செய்த படம், அங்கே என்.வி.டி.ஏ. ‘கிராஃபிக்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தது. வேர்டுக்குத் திரும்பி, அந்தப் படத்தின் மேல் ஷிஃப்ட் எஃப்10 தட்டி, ஆல்ட் டெக்ஸ்ட் பெட்டியில் சான்றிதழின் வாசகத்தைச் சுருக்கமாக எழுதி, மறுபடி பி.டி.எஃப். எடுத்துக் கொடுத்தேன்.