அக்கா மகளின் மூளை, அக்காவின் சேமிப்பு

"மாமா, அமெரிக்காவில் நரம்பணுவியல் இளங்கலை படிக்கப் போகிறேன்" என்றாள் அக்கா மகள். மூளையையும் நரம்புகளையும் ஆராயும் படிப்பு அது. சிங்கப்பூர்த் தேக்கா நிலையத்தில் என் தோசை ஆறிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கல்வித் துறையின் 'காலேஜ் ஸ்கோர்கார்டு' தளத்தைக் கைப்பேசியில் திறந்து, அங்கே படித்து முடித்தவர்களின் சம்பளம் இவ்வளவு, கடன் இவ்வளவுதான் என்று காட்டினாள்.

கடன் சிறிதாகத் தெரியாமல் என்ன செய்யும்? அது அந்நாட்டு மத்திய அரசு தரும் கடன் மட்டும். சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு அதில் ஒரு காசு கிடைக்காது. சம்பளக் கணக்கிலும் மேற்படிப்பில் இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை. இந்தத் துறையிலோ பலர் மருத்துவம், முனைவர் பட்டம் என்று போய்விடுகிறார்கள். அப்புறம் அந்த எண் யாருடைய கதையைச் சொல்கிறது?

அக்கா மெல்ல, சிங்கப்பூரில் சம்பளத்திலிருந்து பிடித்துச் சேர்க்கும் மத்திய சேம நிதியைப் பற்றிக் கேட்டாள். அதன் சாதாரணக் கணக்கிலிருந்து 2.5% வட்டியில் கடனாக எடுக்கலாம்தான், உள்ளூரில் அங்கீகரிக்கப்பட்ட படிப்புக்கு மட்டும். இங்கே பல்கலைக்கழகக் கட்டணத்தில் 90% வரை கடன் உண்டு. படித்து முடிக்கும்வரை வட்டியும் இல்லை.

"இங்கேயே உயிரியல் படி. முனைவர் பட்டத்துக்கு அங்கே போ, பெரும்பாலும் அவர்களே உதவித்தொகை தருவார்கள்" என்றேன். பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் டிஷ்யூத் தாளை விரித்து, பேனாவைக் கேட்டு வாங்கி, 'அமெரிக்கா' என்றும் 'கட்டணம்' என்றும் எழுதி, 'கட்டணம்' என்பதை அடிக்கோடிட்டாள். 'அமெரிக்கா' என்பதை இன்னும் அடித்துவிடவில்லை.